லூபஸில் தோல் செல்கள் ஏன் சாகின்றன, தோல் ஏன் சிவந்து தடிக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்த உடலையே தாக்கும் நோய் லூபஸ். அதில் உடல் முழுவதும் பாதிக்கும் வகை (எஸ்.எல்.இ.) உள்ளவர்களில் பத்துக்கு ஏழெட்டுப் பேருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் தோலிலும் நோய் தெரியும். ஆனால் மருத்துவமனையில் கிடைக்கும் சில நிமிடங்களில் கிட்னி, ரத்த அணுக்கள், மூட்டுவலி என்று பேசி முடிப்பதற்கே நேரம் சரியாகிவிடுகிறது. "வெயில்ல போகாதீங்க, க்ரீம் போடுங்க" என்பதோடு தோலின் கதை முடிந்துவிடும். ஏன் போகக் கூடாது என்று யாராவது உட்கார்ந்து விளக்கியிருந்தால் பலர் அதை இன்னும் உறுதியாகக் கடைப்பிடித்திருப்பார்கள். நோயாளிகளும் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு அந்த விளக்கத்தோடு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

லூபஸ் தோலில் என்னதான் நடக்கிறது? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

தோலின் மேலடுக்கில் உள்ள செல்கள் வெயில் போன்ற காரணங்களால் வழக்கத்தைவிட அதிகமாகச் சாகின்றன. செத்தவை சரியாக அகற்றப்படாதபோது, உள்ளே பத்திரமாக இருக்க வேண்டிய டி.என்.ஏ., ஆர்.என்.ஏ., அவற்றோடு ஒட்டியிருக்கும் புரதங்கள் எல்லாம் வெளியே வருகின்றன. நோய் எதிர்ப்பு மண்டலம் அவற்றைக் கண்டு, ஏதோ வைரஸ் புகுந்துவிட்டது போல எதிர்வினை காட்டுகிறது. அந்தத் தாக்குதலில் மேலும் செல்கள் சாகின்றன. இப்படியே அது தன்னைத்தானே வளர்த்துக்கொண்டு போகிறது. நாம் பார்க்கும் சிவப்பு, தடிப்பு, எரிச்சல், கருமை எல்லாம் அதன் வெளித் தோற்றம்தான்.

தோல் செல்கள் எல்லோருக்கும்தானே சாகின்றன?

ஆமாம், தினமும் சாகின்றன. தோலின் மேலடுக்கில் பத்தில் ஒன்பது பங்கு செல்கள் கெரட்டினோசைட் வகை. அடியில் பிறந்து, மெல்ல மேலே ஏறி, காய்ந்து உதிர்வதற்குச் சுமார் ஒரு மாதம் அல்லது சற்றுக் கூடுதலாக ஆகும். இது இயல்பான முதிர்வு. இதனால் யாருக்கும் தோல் சிவப்பதில்லை.

இதைத் தவிர, செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் ஓர் ஒழுங்கான முறை இருக்கிறது. 1972-இல் கெர், வில்லி, கரி என்ற மூன்று ஆய்வாளர்கள் அதை விவரித்து அப்போப்டோசிஸ் என்று பெயரிட்டார்கள். டி.என்.ஏ. சீர்செய்ய முடியாத அளவுக்குச் சேதமானால், அந்தச் செல் சுருங்கி, உட்கருவைத் துண்டு துண்டாக்கி, சிறு சிறு கொப்புளங்களாகத் தன்னைப் பொட்டலம் கட்டிக்கொள்கிறது. பக்கத்துச் செல்களும் மேக்ரோபேஜ் எனும் விழுங்கு செல்களும் அவற்றை உடனே தின்றுவிடும். புற்றுநோயாக மாறக்கூடிய செல்களை உடல் இப்படித்தான் ஒழித்துக் கட்டுகிறது. ஆகவே செல் சாவதே கெடுதல் என்று நினைக்க வேண்டாம்.

லூபஸில் இரண்டு இடங்களில் கோளாறு. சாகும் செல்களின் எண்ணிக்கை அதிகம் என்பது ஒன்று. அவற்றை அகற்றும் வேலை சுணங்குவது மற்றொன்று. குப்பை வண்டி ஒரு வாரம் வராத தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். குப்பை எல்லாத் தெருவிலும் சேரும், அள்ளாத தெருவில்தான் அழுகி நாறும். செத்த செல்லும் அப்படித்தான். நேரத்துக்கு விழுங்கப்படாவிட்டால் அதன் சுவர் கிழிந்து, உள்ளிருப்பதெல்லாம் கசிந்துவிடும். அதுவரை சத்தமில்லாமல் நடந்த சாவு அங்கிருந்து அழற்சியாக மாறுகிறது.

இதற்கு ஆதாரம் இருக்கிறதா, அல்லது ஊகமா?

ஆதாரம் பல திசைகளிலிருந்து வந்திருக்கிறது.

பழையதிலிருந்து தொடங்கலாம். 1948-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஹார்கிரேவ்ஸ் என்ற மருத்துவரின் குழு, லூபஸ் நோயாளிகளின் எலும்பு மஜ்ஜையில் ஒரு விசித்திரமான செல்லைக் கண்டது. ஒரு வெள்ளையணு, இன்னொரு செல்லின் உருக்குலைந்த உட்கருவை முழுசாக விழுங்கி வைத்திருந்தது. அதற்கு எல்.இ. செல் என்று பெயர் வைத்தார்கள். பல ஆண்டுகள் லூபஸைக் கண்டறியும் சோதனையாகவே அது இருந்தது. செத்த செல்லின் உட்கருவுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு என்பது அன்றைக்கே நுண்ணோக்கியில் தெரிந்திருக்கிறது.

1994-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் காசியோலா-ரோசன், ரோசன், அன்ஹால்ட் ஆகியோர் செய்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. சோதனைத் தட்டில் வளர்த்த கெரட்டினோசைட்டுகள் மேல் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினார்கள். செல்கள் சாகத் தொடங்கியபோது மேற்பரப்பில் இரண்டு அளவில் கொப்புளங்கள் எழும்பின. சின்னக் கொப்புளங்களில் ரைபோசோம் புரதங்களும் ரோ-52 என்ற புரதமும் கூடியிருந்தன. பெரியவற்றில் உட்கருப் பொருள்களும் ரோ-60, லா போன்ற புரதங்களும் இருந்தன. ரோ, லா என்ற பெயர்களை உங்கள் ரத்தப் பரிசோதனைத் தாளில் பார்த்திருப்பீர்கள். லூபஸ் நோயாளியின் ஆன்டிபாடிகள் (நோய் எதிர்ப்பு மண்டலம் செய்யும் தாக்கும் புரதங்கள்) எந்தப் புரதங்களைத் தாக்குகின்றனவோ, ஏறக்குறைய அதே பட்டியல் சாகும் தோல் செல்லின் மேற்பரப்பில் வந்து குவிகிறது. செல்லுக்குள் ஒளிந்திருக்கும் பொருளுக்கு எதிராக உடல் எப்படி ஆன்டிபாடி செய்கிறது என்ற பெரிய புதிருக்கு அது ஒரு விடை கொடுத்தது.

அகற்றும் வேலை சுணங்குகிறது என்பதற்கான வலுவான சான்று ஓர் அரிய பிறவிக் குறைபாட்டிலிருந்து கிடைத்தது. ரத்தத்தில் சி1க்யூ என்றொரு புரதம் உண்டு. செத்த செல்கள் மேல் ஒட்டிக்கொண்டு, "இதை எடுத்துப் போ" என்று விழுங்கு செல்களுக்கு அடையாளம் காட்டுவது அதன் வேலைகளில் ஒன்று. பிறவியிலேயே அது இல்லாதவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு லூபஸ் அல்லது லூபஸ் போன்ற நோய் வருகிறது. ஒரே ஒரு புரதம் இல்லாமல் போனதற்கு இவ்வளவு நேரடியான விளைவை மருத்துவத்தில் அபூர்வமாகத்தான் பார்க்கிறோம்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். 2006-இல் ஒரு ஜெர்மானியக் குழு, தோல் லூபஸ் உள்ளவர்களின் தோலில் புற ஊதாக் கதிரைக் காட்டிப் பார்த்தது. மற்றவர்களுக்கு ஒரு நாளில் உச்சத்தைத் தொட்டுக் குறைந்துவிடும் செத்த செல்கள், இவர்களில் பலருக்கு மூன்றாம் நாளில் கூடியிருந்தன. அதே காலத்தில் எஸ்.எல்.இ. நோயாளிகளைச் சோதித்த நெதர்லாந்துக் குழு அப்படிப்பட்ட தாமதத்தைக் காணவில்லை. லூபஸ் என்ற ஒரே பெயருக்குள் பல விதமான நோயாளிகள் இருப்பதால், எல்லோருக்கும் ஒரே இடத்தில்தான் பழுது என்று சொல்ல முடியாது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

இன்டர்ஃபெரான் என்று டாக்டர் சொன்னார். அது என்ன?

வைரஸ் புகுந்தால் செல்கள் அக்கம்பக்கத்துக்கு அனுப்பும் அபாயச் செய்தி அது. காய்ச்சலும் உடம்புவலியும் வருவதில் அதற்குப் பங்கு உண்டு. லூபஸ் உள்ள பலருக்கு வைரஸ் எதுவும் இல்லாதபோதே இன்டர்ஃபெரான் ஓயாமல் சுரந்துகொண்டிருக்கிறது.

செத்த செல்லிலிருந்து கசிந்த டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. துண்டுகளை, செல்லுக்குள் இருக்கும் உணரிகள் அடையாளம் காண்கின்றன. டி.எல்.ஆர்.-7, டி.எல்.ஆர்.-9 ஆகியவை அவற்றில் முக்கியமானவை. வைரஸின் மரபுப் பொருளைப் பிடிக்கத்தான் அவை இருக்கின்றன. ஆன்டிபாடி ஒட்டிக்கொண்ட நம் சொந்த மரபுப் பொருள் உள்ளே வந்தாலும் அவை விழித்துக்கொள்கின்றன. உடனே இன்டர்ஃபெரான் சுரக்கிறது. அது தோல் செல்களைத் தூண்ட, அவை வேறு சில அழைப்புப் புரதங்களைச் சுரக்கின்றன. அந்த அழைப்பைக் கேட்டு ரத்தத்திலிருந்து டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் தோலுக்குள் வந்து, கெரட்டினோசைட்டுகளைக் கொல்கின்றன. செத்தவற்றிலிருந்து மறுபடி மரபுப் பொருள் கசிகிறது.

இத்தனைக்கும் ஆரம்பம் ரத்தத்தில் என்றே நெடுங்காலம் நினைத்தார்கள். மிஷிகன் பல்கலைக்கழகத்தில் மிஷெல் கேலன்பெர்க் குழுவினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், தோல் செல்களே கப்பா வகை இன்டர்ஃபெரானைத் தயாரிப்பதையும், புற ஊதாக் கதிர் பட்டால் லூபஸ் தோல் செல்கள் எளிதாகச் சாவதற்கு அது காரணமாக இருப்பதையும் காட்டினார்கள். தோலை வெறும் பலியாள் என்று நினைத்திருந்த பார்வை இதனால் மாறியது. நோயைத் தூண்டிவிடுவதில் தோலுக்கே பங்கு இருக்கிறது.

தழும்போ சிவப்போ இல்லாத இடத்தில் நோய் இல்லைதானே?

இந்தக் கேள்விக்கான பதில்தான் பலருக்கு அதிர்ச்சி தருகிறது. அதே மிஷிகன் குழுவினர் 2022-இல், லூபஸ் நோயாளிகளின் பாதிப்பில்லாத, பார்வைக்குச் சுத்தமான தோலையும் எடுத்து ஒவ்வொரு செல்லாகப் பரிசோதித்தார்கள். அதிலும் இன்டர்ஃபெரானின் தாக்கம் நிரம்பியிருந்தது. ரத்தத்திலிருந்து அந்தத் தோலுக்குள் வந்த நோய் எதிர்ப்புச் செல்கள் அங்கேயே அழற்சிக்குத் தயாராகிவிடுகின்றன.

அதாவது கண்ணாடியில் பார்த்து "இப்ப ஒண்ணும் இல்ல, வெயில்ல போகலாம்" என்று முடிவெடுக்க முடியாது. தோல் தெளிந்திருக்கும் மாதங்களிலும் பாதுகாப்பைத் தொடர வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

வெயிலில் போன அன்று ஒன்றும் ஆகவில்லை. பிறகு எப்படி வெயிலைக் குற்றம் சொல்வது?

சாதாரண வெயில் எரிச்சல் சில மணி நேரத்தில் தெரியும், ஓரிரு நாளில் தணியும். லூபஸ் தடிப்பு அப்படி வராது. பல நாள் கழித்து, சிலருக்கு ஒரு வாரத்துக்கும் மேல் ஆன பிறகுதான் தோன்றும். வந்தால் வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட நிற்கும். மேலே சொன்ன சங்கிலி முழுக்க நடந்து முடிய அவ்வளவு நாள் ஆகிறது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் திருவிழாவில் நின்றவருக்கு அடுத்த வாரம் முகம் சிவந்தால், முந்தின நாள் சாப்பிட்ட கத்தரிக்காயின் மேல்தான் பழி விழும். தடிப்பு வந்தால் முந்தின இரண்டு மூன்று வாரங்களில் எங்கெல்லாம் வெயில் பட்டது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு நோட்டில் குறித்து வைத்தால் சில மாதங்களில் உங்கள் தோலின் கணக்கு உங்களுக்கே பிடிபடும்.

பயாப்சி ரிப்போர்ட்டில் "இன்டர்ஃபேஸ் டெர்மடைட்டிஸ்" என்று இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

அந்தப் பெயரே இந்தக் கட்டுரையின் விஷயத்தைத்தான் சொல்கிறது. தோலின் மேலடுக்கும் அதன் கீழ் அடுக்கும் சந்திக்கும் கோட்டில் அழற்சி இருக்கிறது என்று பொருள். நுண்ணோக்கியில் பார்த்தால், அந்தக் கோட்டை ஒட்டிய அடிவரிசைச் செல்களில் சின்னச் சின்னக் குமிழிகள் தெரியும். ஆங்காங்கே இளஞ்சிவப்பாக, உருண்டையாக, உட்கரு இல்லாத துணுக்குகள் கிடக்கும். அவைதான் செத்த கெரட்டினோசைட்டுகள். கீழே ரத்தக் குழாய்களையும் முடிக்கால்களையும் சுற்றி லிம்போசைட்டுகள் என்ற வெள்ளையணுக்கள் கூட்டமாக நிற்கும். கூடவே செய்யும் இம்யூனோஃப்ளோரசென்ஸ் சோதனையில், அதே கோடு நெடுக ஆன்டிபாடிகளும் காம்ப்ளிமென்ட் எனும் எதிர்ப்பு மண்டலப் புரதங்களும் படிந்து ஒளிரும்.

இந்தத் தோற்றம் லூபஸுக்கு மட்டும் உரியதல்ல. டெர்மடோமையோசைட்டிஸ் என்ற தசை, தோல் நோயிலும், சில மருந்து ஒவ்வாமைகளிலும் இப்படியே தெரியலாம். அதனால்தான் ரிப்போர்ட்டை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் உங்கள் தோலையும் ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

செல் சாவதில் வேறு வேறு வகைகள் உண்டாமே?

உண்டு. நெக்ரோப்டோசிஸ் என்ற முறையில் செல் ஊதி வெடிக்கிறது, உள்ளிருப்பதெல்லாம் ஒரே நேரத்தில் கொட்டுகிறது. அழற்சியைத் தூண்டுவதில் இது அப்போப்டோசிஸைவிடக் கடுமையானது. நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் சாகும்போது தங்கள் டி.என்.ஏ.வை வலையாக விரித்துக் கிருமிகளைப் பிடிப்பதை 2004-இல் கண்டுபிடித்தார்கள். லூபஸில் அந்த வலைகளும் எளிதில் கரைவதில்லை, அவையும் இன்டர்ஃபெரானைத் தூண்டுகின்றன. ஆய்வாளர்களுக்கு இந்தப் பிரிவுகள் முக்கியம். நோயாளி பெயர்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

முகத்தில் சிவப்பு வந்தாலே லூபஸா?

இல்லை. லூபஸில் வரும் வண்ணத்துப்பூச்சி வடிவத் தடிப்பு இரு கன்னங்களிலும் மூக்குத் தண்டிலும் பரவும். மூக்கின் ஓரத்திலிருந்து வாய் நோக்கி இறங்கும் மடிப்பில் பெரும்பாலும் இருக்காது. அந்த மடிப்பில் வெயில் குறைவாகப் படுவது அதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. அந்த மடிப்பில்தான் சிவப்பும் செதிலும் அதிகம் என்றால், பொடுகு சார்ந்த செபோரிக் டெர்மடைட்டிஸாக இருக்க வாய்ப்பு கூடுதல்.

நம் நிறத்துக்கு ஒரு முக்கியமான குறிப்பு. இணையத்தில் வரும் படங்களில் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் பளீரென்ற சிவப்பைக் காட்டுவார்கள். மாநிறத்திலும் கறுப்புத் தோலிலும் அது ஊதா கலந்த பழுப்பாகவோ, வெறும் கருமையாகவோ தெரியலாம். "வெயில்ல கறுத்துப் போச்சு", "மங்கு விழுந்திருக்கு" என்று விட்டுவிடுவது இதனால்தான். கருமையோடு எரிச்சல், தொட்டால் தடிப்பு, வாய்ப்புண், மூட்டுவலி, கொத்தாக முடி கொட்டுதல் ஏதாவது சேர்ந்திருந்தால் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு குழப்பத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். சப்அக்யூட் என்ற தோல் லூபஸ் வகை சிலருக்கு வட்ட வட்டமாக, ஓரம் தடித்து, நடுவில் தெளிந்து வரும். பார்ப்பதற்குப் படர்தாமரை மாதிரியே இருக்கும். படர்தாமரைக்குக் கொடுக்கும் டெர்பினஃபின் மாத்திரை, இந்த வகை லூபஸைத் தூண்டக்கூடிய மருந்துகளில் நன்கு அறியப்பட்ட ஒன்று. நோயைத் தூண்டும் மருந்தே வைத்தியமாகப் போய்ச் சேரும் ஆபத்து இருக்கிறது. மார்பின் மேற்புறம், முதுகின் மேற்புறம், கைகளின் வெளிப்பக்கம் என வெயில் படும் இடங்களில் மட்டும் வட்டங்கள் வந்து, படர்தாமரை மருந்தில் கேட்கவில்லை என்றால் தோல் மருத்துவரிடம் பயாப்சி தேவையா என்று கேளுங்கள். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் ஹைட்ரோகுளோரோதையசைடு, அமிலச் சுரப்புக்குக் கொடுக்கும் ஒமெப்ரசோல் வகை மாத்திரைகளும் சிலருக்கு இதைக் கிளப்பியிருக்கின்றன. நீங்களாக நிறுத்த வேண்டாம், மருத்துவரிடம் பட்டியலைக் காட்டுங்கள்.

டிஸ்காய்டு லூபஸ் தழும்பு போகுமா?

அழற்சி இருக்கும் வரை மருந்து கேட்கும். தழும்பாகிவிட்டால் மருந்து கேட்காது. வட்டத் திட்டுகளாக வந்து தழும்பாகும் டிஸ்காய்டு வகையில் அழற்சி முடிக்கால்களைச் சுற்றி ஆழமாக இறங்குகிறது, முடியைப் புதுப்பிக்கும் மூலச் செல்கள் இருக்கும் இடமும் அதில் அடக்கம். அவை அழிந்தால் அந்த இடத்தில் முடி திரும்பாது. தலையில் வழுவழுப்பான, நடுவில் வெளுத்து ஓரத்தில் கறுத்த திட்டு, காது மடலின் குழிவில் செதிலோடு கூடிய கறுப்புப் புள்ளிகள் இவற்றைக் கண்டால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். சீக்கிரம் தொடங்கினால் முடியைக் காப்பாற்ற முடியும்.

தோலோடு நின்றுவிடுமா, கிட்னிக்குப் போகுமா?

டிஸ்காய்டு மட்டும் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குத் தோலோடு நின்றுவிடுகிறது. உடல் முழுக்கப் பரவியிருக்கும் டிஸ்காய்டில் அபாயம் கூடுதல். முகத்தில் வண்ணத்துப்பூச்சித் தடிப்பு வருபவர்களில் அநேகருக்கு உள்ளுறுப்பு நோயும் சேர்ந்திருக்கும்.

வெயிலுக்கும் கிட்னிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு ஓர் எலி ஆய்வைச் சொல்கிறேன். 2021-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கீத் எல்கன் குழு, எலிகளின் தோலில் ஒரே ஒரு முறை புற ஊதாக் கதிரைக் காட்டியது. தோலுக்கு வந்த நியூட்ரோஃபில்களில் ஒரு பகுதி அங்கிருந்து கிளம்பிச் சிறுநீரகத்துக்குப் போய், அங்கே தற்காலிக அழற்சியை உண்டாக்கியது. எலியில் நடந்தது அப்படியே மனிதருக்கு நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் வெயிலில் அலைந்த பிறகு காய்ச்சல், மூட்டுவலி, சோர்வு என்று மொத்தமாகப் படுத்துவிட்டதாக நோயாளிகள் சொல்வதை இனி யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நம் ஊரில் வெயில் படாமல் எப்படி வாழ்வது?

சென்னை, மதுரை, யாழ்ப்பாணம் எங்கும் கோடை நண்பகலில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டிவிடும். அது "மிக மிக அதிகம்" என்ற உச்சப் பிரிவு. முழுக்கத் தப்பிக்க முடியாது, பெருமளவு குறைக்க முடியும்.

முதலில் நேரம். காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணி வரை வெளி வேலைகளை முடிந்தவரை தள்ளிப்போடுங்கள். அடுத்தது துணி. நெருக்கமாக நெய்த, அடர்நிறத் துணி மெல்லிய வெள்ளைத் துணியைவிட நன்றாகத் தடுக்கும். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், வெளிச்சம் தாராளமாகத் தெரிந்தால் கதிரும் வரும். குடை பிடிக்கக் கூச்சமே வேண்டாம். ஸ்கூட்டரில் போகிறவர்கள் முழங்கை வரை உறையும், கழுத்தை மூடும் துப்பட்டாவும் போடுங்கள். கைப்பிடியைப் பிடித்திருக்கும் விரல்களின் மேற்புறம்தான் எல்லோரும் மறக்கிற இடம்.

புற ஊதாக் கதிரில் யூ.வி.ஏ., யூ.வி.பி. என்ற இரண்டு வகைகள் நம் தோலில் படுகின்றன. சன்ஸ்கிரீனில் எஸ்.பி.எஃப். 50 என்பது யூ.வி.பி. கதிருக்கான அளவு மட்டுமே. யூ.வி.ஏ. தடுப்பும் வேண்டும் என்பதால் "பிராட் ஸ்பெக்ட்ரம்" அல்லது பி.ஏ. குறி இருக்கிறதா என்று பாருங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கிப் போட வேண்டும். பட்டாணி அளவு போதாது. வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி பூச வேண்டும். ஜெர்மனியில் நடந்த ஒரு சோதனையில், தோல் லூபஸ் நோயாளிகளின் உடலில் ஓர் இடத்தில் மட்டும் நல்ல சன்ஸ்கிரீன் பூசி, அந்த இடத்திலும் பூசாத இடத்திலும் ஒரே அளவு கதிரைக் காட்டினார்கள். பூசிய இடத்தில் ஒருவருக்கும் நோய் கிளம்பவில்லை. செல்லின் சாவைத் தொடக்கத்திலேயே தடுப்பதால் இது உண்மையான சிகிச்சை. இதை அழகு சாதனச் செலவு என்று வீட்டில் யாராவது சொன்னால் இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

ஜன்னல் கண்ணாடி யூ.வி.பி.யைத் தடுத்துவிடும், யூ.வி.ஏ.வைப் பெருமளவு விட்டுவிடும். பஸ்ஸில் வெயில் பக்க ஜன்னலோர இருக்கையைத் தவிர்ப்பது நல்லது. இவ்வளவும் செய்தால் வைட்டமின் டி குறையும், அளவு பார்த்து மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள்.

நலங்கு மாவு, எலுமிச்சை, நாட்டு மருந்து பூசலாமா?

கடலை மாவோ பயத்த மாவோ தனியாக இருந்தால் பெரிய கெடுதல் இல்லை. கவலை தருவது கார்போக அரிசி. பல வீட்டு நலங்கு மாவு, குளியல் பொடிச் சேர்மானங்களில் அது இருக்கும். அதில் சொராலென் என்ற பொருள் இருக்கிறது. வெண்புள்ளிக்கு அதைப் பூசி வெயிலில் காட்டும் பழைய வைத்தியமே, அது தோலை யூ.வி.ஏ. கதிருக்குப் பல மடங்கு கூச வைக்கும் என்பதால்தான். வெண்புள்ளிக்குப் பயன்படும் அதே குணம் லூபஸ் தோலுக்குக் கேடு. பொடி வாங்கினால் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள், அரைத்துக் கொடுப்பவரிடம் கார்போக அரிசி வேண்டாம் என்று சொல்லுங்கள். எலுமிச்சைத் தோலிலும் சாற்றிலும் இதே குடும்பத்துப் பொருள்கள் உண்டு, முகத்தில் தேய்க்காதீர்கள்.

சிவப்பழகு க்ரீம்கள் என்று கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கும். சில வாரம் முகம் பளிச்சென்று தெரியும். பிறகு தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, வெயில் பட்டாலே சிவந்து எரியும். அந்தச் சிவப்பை லூபஸ் என்றும், லூபஸை அந்தச் சிவப்பு என்றும் மாற்றி நினைக்க நேர்கிறது. மருத்துவர் கொடுக்கும் ஸ்டீராய்டு க்ரீம் வேறு, அது அளவும் நாளும் சொல்லித் தரப்படுவது.

ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மலேரியா மாத்திரைதானே? தோலுக்கு எதற்கு?

மலேரியாவுக்கு வந்த மருந்துக் குடும்பம்தான். லூபஸ் தோலுக்குக் குயினைன் கொடுத்துப் பார்த்தது 1894-லேயே பதிவாகியிருக்கிறது. மேலே சொன்ன டி.எல்.ஆர். உணரிகள் செல்லுக்குள் அமிலத்தன்மை உள்ள சிறு பைகளில் வேலை செய்கின்றன. இந்த மருந்து அந்தப் பைகளில் சேர்ந்து, கசிந்த மரபுப் பொருளை உணரிகள் பிடிக்க முடியாமல் செய்கிறது. செல் செத்தாலும் அபாயச் செய்தி குறைகிறது.

பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். ஒரு மாதத்தில் "கேக்கல" என்று நிறுத்திவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அளவு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 50 கிலோ எடையுள்ளவருக்கு 250 மில்லிகிராமுக்குள். தொடங்கும்போது ஒரு கண் பரிசோதனை, ஐந்து ஆண்டுக்குப் பிறகு வருடாவருடம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அதைவிடச் சீக்கிரம். சரியான அளவில் கண் பாதிப்பு அரிது, பயந்து மாத்திரையை விட்டுவிட்டு நோய் திரும்புவதுதான் அதிகம். புகைபிடிப்பவர்களுக்குத் தோல் லூபஸும் கடுமையாகிறது, இந்த மாத்திரையின் பலனும் குறைவாகத் தெரிகிறது.

புதிய மருந்துகள்?

இன்டர்ஃபெரான் ஒட்டும் இடத்தையே அடைக்கும் அனிஃப்ரோலுமாப் ஊசிக்கு அமெரிக்கா 2021-இல் அனுமதி கொடுத்தது. தோலில் அதன் பலன் நன்றாகத் தெரிகிறது. அக்கி வரும் வாய்ப்பு கூடும், விலையும் மிக அதிகம். ஆன்டிபாடி உண்டாகக் காரணமான பி செல்களைக் குறிவைக்கும் பெலிமுமாப் 2011-இலிருந்து இருக்கிறது. மெத்தோட்ரெக்சேட், மைக்கோஃபினோலேட் போன்ற பழைய மருந்துகளே இன்றும் நம்மில் பெரும்பாலோருக்குக் கைகொடுப்பவை.

ஏன் பெரும்பாலும் பெண்களுக்கே வருகிறது?

பத்து நோயாளிகளில் ஒன்பது பேர் பெண்கள். ஹார்மோன் மட்டும் காரணமல்ல. டி.எல்.ஆர்.-7 மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, பெண்களின் சில செல்களில் இரண்டாவது எக்ஸிலும் அது முழுசாக அணைவதில்லை. பெண்களின் தோலில் வி.ஜி.எல்.எல்.-3 என்ற புரதம் அதிகம் இருப்பதையும், அதை எலித் தோலில் கூட்டினால் லூபஸ் போன்ற நோய் வருவதையும் மிஷிகனில் கண்டார்கள். வெயிலில் போனதாலோ, எதையோ சாப்பிட்டதாலோ இந்தப் பெண் நோயை வரவழைத்துக்கொண்டாள் என்று மாமியார் வீட்டிலோ அம்மா வீட்டிலோ பேசுவதற்கு எந்த நியாயமும் கிடையாது.

கர்ப்பமாகலாமா? குழந்தைக்குத் தோலில் வருமா?

நோய் ஆறு மாதமாவது அடங்கியிருக்கும்போது, மருத்துவரிடம் பேசித் திட்டமிட்டு ஆகலாம். ரோ ஆன்டிபாடி இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும். அது நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். சில குழந்தைகளுக்குப் பிறந்த பிறகு கண்ணைச் சுற்றியும் தலையிலும் வட்டத் தடிப்பு வரும், தாயின் ஆன்டிபாடி கரைய ஆறேழு மாதத்தில் அதுவும் மறையும். அரிதாக, நூற்றில் இரண்டு பேர் அளவில், குழந்தையின் இதயத் துடிப்புப் பாதை பாதிக்கப்படலாம், அதற்காகக் கருவிலேயே இதயத் துடிப்பைக் கண்காணிப்பார்கள். ஹைட்ராக்ஸிகுளோரோகுயினைக் கர்ப்பத்தில் தொடர வேண்டும். மெத்தோட்ரெக்சேட், மைக்கோஃபினோலேட் இரண்டையும் கருத்தரிக்கும் முன்பே நிறுத்தியாக வேண்டும்.

எப்போது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

தோல் பெரிய பரப்பில் கொப்புளித்து, தேய்த்தால் தாள்தாளாக உரிந்து, வாயிலும் கண்ணிலும் புண் வந்தால் அன்றைக்கே போங்கள். மேலடுக்குச் செல்கள் மொத்தமாகச் செத்துப்போகும் நிலை அது, தீக்காயம் போலவே உயிருக்கு ஆபத்து. மருந்து ஒவ்வாமையாலும் வரலாம், லூபஸாலேயும் வரலாம். சாப்பிட்ட எல்லா மாத்திரைகளின் அட்டையையும் கையில் எடுத்துப் போங்கள்.

விரல் நுனி நீலித்து வலிப்பது, காலில் அழுத்தினால் மறையாத ஊதாப் புள்ளிகள், சிறுநீர் நுரைப்பது, முகமும் காலும் வீங்குவது, மூச்சு விடும்போது நெஞ்சில் குத்துவது, குழப்பமான பேச்சு, விடாத காய்ச்சல் இவற்றுக்கும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம்.